பித்தளைக் கூஜாவும் பன்னிரண்டு நாள் பத்தியமும்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருச்சி ஜங்ஷனில் இறங்கியதும் நேரே எடை பார்க்கும் மெஷினுக்குப் போய், தண்ணீர் தளும்பும் பித்தளைக் கூஜாவைக் கையில் பிடித்தபடியே ஏறி நின்று ஓரணாவைப் போட்டேன். சீட்டு விழுந்தது: நூற்றுத் தொண்ணூற்றாறு ராத்தல். கூஜா மட்டும் ஏழெட்டு ராத்தல் இருக்கும். ஊருக்குத் திரும்பும்போது கூஜா இல்லாமல் ஏறினால் அத்தனையும் நான் இளைத்ததாக ஆகிவிடும் அல்லவா?

இந்தத் திருட்டுக்குக் காரணம் உண்டு. பட்டணத்து டாக்டர், "பத்து ராத்தல் இறங்கியாக வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட என் மனைவி, "நீங்க இறங்கற வரைக்கும் எனக்கும் ராத்திரிச் சாப்பாடு கிடையாது" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளோ காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்கிற தேகம். லீவு பன்னிரண்டு நாள். ஸ்ரீரங்கத்து அக்கா வீட்டில் தங்கி, நடந்து, பத்தியம் இருந்து, இளைத்ததற்குச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் அவள் சாப்பிடுவாள்.

வெளியே காதர் பாயின் ஜட்கா நின்றது. ஸ்ரீரங்கத்துக்கு ஆறு மைல், பன்னிரண்டு அணா. நான் பின்னால் ஏறியதும் குதிரையின் முன்கால் தரையை விட்டது.

"முன்னால நகருங்க, சாமி. இன்னும் கொஞ்சம்... இன்னும்."

பாயின் முதுகோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் வண்டி நிதானத்துக்கு வந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். காவேரிப் பாலத்தைத் தாண்டி மலைக்கோட்டைக்கு மூன்று மைல் நடை. தை மாதக் குளிர், ஆற்றில் நல்ல தண்ணீர். நானூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறி, வைஷ்ணவனாகப் பிறந்தும் தேகப்பயிற்சியை முன்னிட்டு உச்சிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டேன். மேலிருந்து பார்த்தால் காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரே தென்னந்தோப்பு. அதற்குள்ளிருந்து கோபுரங்கள் எட்டிப் பார்க்கின்றன. முடியாமல் நிற்கும் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து, எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று ஆறுதல் அடைந்தேன்.

படி இறங்கியதும் காபி கிளப். ஏறிய களைப்புக்கு இரண்டு ரவா தோசை, ஒரு காபி, மூன்றரை அணா. மூன்றாம் நாள் பாதி மலையோடு திரும்பினேன். ஐந்தாம் நாள் மலை எதற்கு என்று தோன்றியது. காபி கிளப்புக்கு மட்டும் ஒழுங்காக நடந்தேன்.

மத்தியானம் பத்தியச் சாப்பாடுதான்: ஒரு கரண்டி சாதம், மோர். அக்கா கண்டிப்பாகவே போட்டாள். அது முடிந்ததும், கோயிலிலிருந்து வீட்டுப் பங்குக்கு வந்த புளியோதரையை எடுத்து வந்தாள்.

"பத்தியம் இருக்கேனே, அக்கா."

"பத்தியமெல்லாம் சாப்பாட்டுக்குடா. இது பிரசாதம்."

பள்ளிக்கூட வாத்தியாரான அத்திம்பேர் இலையிலிருந்து தலை நிமிர்ந்தார். "பெருமாள் அமுது செஞ்சதை வேண்டாம்னு சொல்றதுக்கு உம்ம டாக்டர் யாரு, ஓய்?"

பிரசாதத்தை மறுப்பது அபசாரம். அதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. மத்தியானம் புளியோதரை, சாயங்காலம் கோயில் தோசை, ராத்திரி அக்காரவடிசல் என்று பக்தி நாளுக்கு நாள் வளர்ந்தது.

எட்டாம் நாள் மனைவியின் கார்டு வந்தது. "சௌக்கியம். ராத்திரி மோர் மட்டும் குடிக்கிறேன். எத்தனை ராத்தல் இறங்கியிருக்கிறது?" அன்றைக்கு அக்காரவடிசல் முதல் கவளம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது இறங்கிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் திரும்பவும் காதர் பாய் வண்டி. இந்தத் தடவை நகரச் சொல்லவில்லை. பாலத்து ஏற்றத்தில் அவரே குதித்து, குதிரையோடு நடந்து வந்தார்.

ஸ்டேஷனில் கூஜாவைப் பாயிடம் கொடுத்தேன். கோட்டைக் கழற்றினேன், செருப்பையும் விட்டேன். மூச்சை இழுத்துப் பிடித்து ஏறி நின்றேன். நூற்றுத் தொண்ணூற்றேழு.

ஆக, கூஜாவையே விழுங்கி, மேலே ஒரு ராத்தலும் விழுங்கியிருக்கிறேன். பட்டணத்தில் ஒருத்தி பன்னிரண்டு ராத்திரி மோரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். இரண்டு சீட்டையும் அவள் கையில் கொடுத்து, கூஜா சமாசாரத்தையும் சொல்லி, காலில் விழுந்தாவது அவளைச் சாப்பிட வைப்பது என்று முடிவு செய்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"பாய், இந்த மெஷின் பழுதா இருக்குமோ?"

பாய் கூஜாவை என் கையில் கொடுத்தார்.

"மெஷின் சொன்னதையேதான் குதிரையும் சொல்லுச்சு, சாமி."