வெல்லம் போட்ட மட்கார்ட்

ஒரு மட்கார்டுக்கு எவ்வளவு வெல்லம் போடலாம் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். இந்த ஆனி மாசம், என் பெண் ஜயாவின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் கற்றுக்கொண்டேன்.

என்னிடம் ஒரு கார் இருப்பது வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். எங்கள் கம்பெனித் துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. வயசு பதினாலு. மடக்குகிற துணிக் கூரை. யுத்தம் முடிந்தும் பெட்ரோல் ரேஷன் கூப்பன் முடியவில்லையே... அதனால் முக்கால்வாசி நாள் பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் வாசலில் மழையைக் குடித்துக்கொண்டு நிற்கும்.

பிள்ளை வீட்டார் செம்பூர். எல்லாம் பேசி முடிந்து எழுந்திருக்கிற சமயம், மாப்பிள்ளையின் அத்திம்பேர், அதாவது அக்கா புருஷர், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஜானவாசத்துக்குக் கார் உண்டோல்லியோ?"

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பெண் வீட்டார் தைத்துக் கொடுத்த ஸூட்டில் மாப்பிள்ளையைத் திணித்து, திறந்த காரில் உட்கார்த்தி, நாகஸ்வரத்தோடு ஊரெல்லாம் காட்டி வருவோமே, அதுதான் ஜானவாசம். பம்பாய்க்கு வந்து குடுமியை விட்டோம், பஞ்சகச்சத்தை விட்டோம். ஜானவாசக் காரை மட்டும் விடவில்லை.

"எதேஷ்டமா. சொந்தக் காரே இருக்கே" என்றேன். சொன்னது என் வாய்தான். கேட்டு நடுங்கினதும் நான்தான்.

ஜயா அன்றைக்கே சொல்லிவிட்டாள். "அப்பா, விக்டோரியா குதிரை வண்டி போறும்ப்பா. நம்ம காரை மட்டும் எடுக்காதே. நீ ஒரு நாள் ஓட்டிட்டு வந்துடுவே. நான்தான் அந்த ஆத்துலே இருக்கணும். முதல் நாளே அவா சிரிச்சான்னா கடைசி வரைக்கும் சிரிப்பா."

"யார் சிரிக்கப் போறா?" என்றேன்.

மறுநாள் காரைத் தாராவிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே தகர வேலைக்குச் சாகுல் பாய்தான். திருநெல்வேலிக்காரர். நசுங்கினது எதுவானாலும் பக்கத்தில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டித் தட்டியே பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். மட்கார்டைக் கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"சாமி, இது மட்கார்டு இல்ல, சல்லடைல்லா. துருவெல்லாம் வெட்டிப் போட்டுட்டு, புதுத் தகடு வச்சு, ஈயம் ஊத்தி இழைக்கணும். கதவுல ஒடுக்கு எடுக்கணும். சீட்டுத் தோலும் போச்சு. பத்து நாள் விடுங்க."

பன்னிரண்டில் பத்து போனால் இரண்டு மிச்சம். கணக்குச் சரிதான். ஆனால் பட்டறையைச் சுற்றிப் பார்த்துத் தொலைத்தேனே. ஒரு காருக்குக் கதவே இல்லை. இன்னொன்றுக்கு முன்பக்கம் மட்டும் இருந்தது — பின்பக்கம் எங்கே போயிற்றோ. என் மாப்பிள்ளை ஸூட்டும் மாலையுமாய், நாலு சக்கரத்துக்கு நடுவே ஒரு பலகையில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டு போவது கண்முன் தெரிந்தது. தவிர, பட்டறைக்காரர்கள் பாஷையில் பத்து என்றால் இருபது இல்லையோ?

"வெட்ட வேண்டாம் பாய். நானே பார்த்துக்கறேன்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதையாச்சும் வாங்கிப் பூசிராதீங்க சாமி. ஓடுற வண்டியில பூச்சு நிக்காது. இது என்ன சுவரா?"

அந்த மனுஷர் சுவர் என்று சொல்லியிருக்கவே வேண்டாம். பாலக்காட்டில் எங்கள் வீட்டுச் சுவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். மச்சையே தாங்குகிற கலவை ஒரு மட்கார்டைத் தாங்காதா?

ஆபீசுக்கு லீவு போட்டேன். கடுக்காயை ஊறப்போட்டேன். கல்யாண வேலையில் தலை கலைந்து திரிந்த என் மனைவி கமலா வந்து நின்றாள்.

"ஏன்னா, பருப்புத் தேங்காய்க்கு வாங்கி வச்ச வெல்லத்தைப் பார்த்தேளா?"

"மட்கார்டிலே இருக்கு."

இருபத்திரண்டு வருஷமாய்ப் பார்க்கிற அதே பார்வைதான். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

வெல்லம் கூடினால் பிடிப்பும் கூடும் என்று ஒரு எண்ணம். பயந்தவன் கை எப்போதும் தாராளம் — ஒரு பங்கு போட வேண்டிய இடத்தில் மூன்று பங்கு போட்டேன். ஓட்டைக்குள் கோணியைத் திணித்தேன். மேலே கலவையை அப்பி, தோசைத் திருப்பியால் வழித்தேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். மாடிவீட்டு மணி ஐயர் படியிறங்கி வந்து முகர்ந்து பார்த்தார்.

"ஓய், கார் ரிப்பேரா, திரட்டுப்பாலா?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பம்பாய் மழையில் அப்பளமே காயாது, பெயின்ட் காயுமா? மூன்று நாள் கழித்தும் விரலில் ஒட்டியது. கும்முட்டி அடுப்பைப் பற்றவைத்து மட்கார்டுக்கு அடியில் வைத்தேன். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாய்ப் பொரிந்தது. சுரண்டினேன். மறுபடி அடித்தேன். பிய்ந்த சீட்டின்மேல் ஜமக்காளத்தை விரித்தேன். பின்கதவு மூட மாட்டேன் என்றது. உள்பக்கமாய்க் கம்பியால் கட்டினேன். மீதியை மல்லிகைச் சரம் மூடிவிடாதா?

ஜானவாசத்தன்று மழைகூட வழிவிட்டது. டிரைவர் நான்தான். முன்னால் நாகஸ்வரம், இரண்டு பக்கமும் கியாஸ் லைட், பின்னால் செம்பூர்க்காரர்கள். கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே டிராம் தண்டவாளத்தில் முன்சக்கரம் ஏறி இறங்கியது.

தொப்.

பின்சக்கரம் ஏறியது. தொப், தொப்... மட்கார்ட் கட்டி கட்டியாய் ரோட்டில் விழுந்தது. வெல்ல வாசனைக்கு ஒரு வாரமாய் அதற்குள் குடித்தனம் நடத்திவந்த கட்டெறும்புகள், வீடு இடிந்ததும் வேறு இடம் பார்க்கப் புறப்பட்டன. கதவிடுக்கு வழியாக ஜமக்காளத்துக்கு வந்தன. அங்கிருந்து மாப்பிள்ளைக்கு.

பையன் நல்லவன். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டான். அப்புறம் தொடையைத் தட்டினான். அப்புறம் ஸூட்டுக்குள் கையை விட்டான். கடைசியில் எழுந்து கதவைத் திறக்கப் பார்த்தான். கதவைத்தான் நான் கம்பியால் கட்டியிருந்தேனே. தாண்டிக் குதித்தான். சாம்பல் நிற ஸூட்டில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை என் பெயின்ட்.

நாகஸ்வரம் நின்றது. நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தேன். திரும்பாத வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்போ என்னவோ. ஹாரனை அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அத்திம்பேர் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். முகர்ந்தார். "சீர் பட்சணத்தை மட்கார்டிலேயே வச்சு அனுப்பிட்டேள் போலிருக்கே, சம்பந்தி?"

ரோடே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள். "மேலே பூ, உள்ளே சுண்ணாம்பு. பொண்ணை நாம ஒரு தடவைதானே பார்த்தோம்?"

கல்யாண ஹாலுக்கு நாங்கள் நடந்தே போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் சமாசாரம் போய்ச் சேர்ந்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு ஜயாவை உட்காரவைத்தார்கள். அந்த அம்மாள் குங்குமம் இட வந்தாள். இடுவதற்கு முன், கியாஸ் லைட்டைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவரச் சொன்னாள். மோவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஜயா கண்ணை இமைக்காமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த பக்கம் நான் இல்லை. தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

கல்யாணம் நடந்துவிட்டது. காரைத் திரும்பச் சாகுல் பாயிடம் விட்டேன். கோணியை இழுத்துப் போட்டுவிட்டு, "சொன்னம்லா சாமி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். துருவை வெட்டினார், தகடு வைத்தார், ஒடுக்கு எடுத்தார், தாராவித் தோலிலேயே புது சீட் தைத்துப் போட்டார். ஒன்பதே நாள்.

நவராத்திரிக்கு ஜயா வந்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் கொண்டுவிடக் காரை எடுத்தேன். சயான் தாண்டினதும் கேட்டேன்.

"அங்கே எல்லாரும் எப்படி இருக்கா?"

"நன்னா இருக்கா."

"உன்னை ஏதாவது சொல்றாளா?"

"ஒண்ணும் சொல்லலேப்பா. வெல்லம் வாங்கணும்னா மட்டும் என்னைத்தான் அனுப்புவா. எனக்குத்தான் பார்த்து வாங்கத் தெரியுமாம். பரம்பரையா வந்ததாம்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். டிராம் ரோட்டில் நான் சிரித்தேனே, அப்படி. அதைத்தான் பரம்பரையாய்க் கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் தெரு வந்தது. "அப்பா, முனையிலேயே நிறுத்து. நடந்து போய்க்கறேன்."

"கார் இப்போ நன்னாத்தானேம்மா இருக்கு?"

"இருக்குப்பா" என்று இறங்கிக்கொண்டாள்.

பாய் போட்ட பாலிஷ் அப்படி — அவள் திரும்பிப் பார்க்காமல் போனது மட்கார்டிலேயே தெரிந்தது.