சித்தப்பாவின் கேசட்

புதியம்புத்தூரில் அம்மா வேலை பார்த்த தையல் ஷெட்டில் காலையில் முதலில் ஓடுவது மிஷின் இல்லை, டேப் ரிக்கார்டர்தான். முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு. அடுத்து ஓவர்லாக் மிஷினில் உட்காரும் அக்காவுக்காக ஒரு நாகூர் பாட்டு. அதற்கடுத்து மாதாவுக்கு ஒன்று. மூன்று பக்கமும் மனக்குறை இல்லாமல் முடித்துவிட்டு அண்ணாச்சி சினிமாப் பாட்டுக்கு வருவார். அண்ணாச்சி என்றால் ஷெட்டின் முதலாளி. பாட்டு விஷயத்தில் அவருக்கென்று ஒரு சாஸ்திரம் இருந்தது. எல்லாம் காலால் மிதிக்கிற மிஷின் என்பதால் குத்துப்பாட்டுக்குக் கால் வேகமாக ஓடும், கவுன் சீக்கிரம் முடியும். சோகப்பாட்டுக்குக் கால் நின்றுபோகும், அந்தக் கவுனை வாங்குகிற பிள்ளைக்கும் விளங்காது. ஆகவே சோகப்பாட்டு அங்கே கிடையாது. யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால், “வீட்டுல போய் அழுங்கம்மா, இங்கன மிதிங்க” என்பார்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் நேரே ஷெட்டுக்குப் போய்த் துணி மூட்டையின் மேல் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்த வருஷம் மாசியில்தான் அம்மாவின் தங்கை எங்களோடு இருக்க வந்தாள்.

சித்தியைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. சித்தப்பாவுக்குப் பகலில் தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிற வேலை. கோயில் கொடைக் காலம் வந்துவிட்டால் கச்சேரி கோஷ்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாடுவார். அப்படி ஒரு கச்சேரி முடிந்து திரும்பும்போதுதான் எப்போதும்வென்றான் விலக்கில் அவர்கள் வந்த வேன் கவிழ்ந்தது. ஊர்ப் பெயருக்கும் அங்கே நடப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மற்றவர்களுக்குக் காயம். சித்தப்பா மட்டும் வீட்டுக்கு வரவில்லை. மாமியார் வீட்டில் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, சித்தி ஒரு தகரப்பெட்டியோடு பஸ் ஏறி எங்களிடம் வந்துவிட்டாள். அம்மாதான் அவளை ஷெட்டில் சேர்த்துவிட்டது. காஜா எடுப்பது, பட்டன் வைப்பது. வந்த புதிதில் சித்தி யாரோடும் பேசமாட்டாள். பட்டன் பட்டனாகத் தைத்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மிஷினுக்குத் திரும்பியபோது அவள் எழுந்துபோய் அண்ணாச்சி முன்னால் நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினாள்.

“அண்ணாச்சி, இத ஒரு தடவ போடுவியளா?”

“என்ன பாட்டும்மா?”

“அவிய பாடுனது.”

எங்கள் வீட்டில் ரேடியோகூட இல்லை. பெட்டிக்குள் புருஷனின் குரலை வைத்துக்கொண்டு, அதைக் கேட்க வழியில்லாமல் இத்தனை நாள் அவள் இருந்திருக்கிறாள் என்பது அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏதோ ஒரு ஊர்க் கொடையில் மைக் செட்காரர் பதிவு செய்து, சித்தப்பாவுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருந்தாராம்.

அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓடிக்கொண்டிருந்த குத்துப்பாட்டை நிறுத்திவிட்டு அதைப் போட்டார்.

முதலில் கூட்டத்தின் இரைச்சல். பின்னால் நிற்பவர்களை உட்காரச் சொல்லும் ஒரு குரல். அதுதான் சித்தப்பா. அப்புறம் பாட்டு. எல்லாமே இழுவைப் பாட்டுகள், அண்ணாச்சியின் சாஸ்திரப்படி ஒன்றுகூடத் தேறாது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசிப் பாட்டுக்கு முன்னால் சித்தப்பா இருமினார். மைக் வாய்க்கு எதிரே இருப்பதை மறந்துவிட்டு, “ஏட்டி, கொஞ்சம் தண்ணி கொண்டாட்டி, தொண்ட காயுது” என்றார். கொடை பார்க்க வந்த ஊர் மொத்தமும் சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றைக்கு மேடைக்குக் கீழே செம்போடு உட்கார்ந்திருந்தவள் சித்திதான்.

ஷெட்டில் யாரும் சிரிக்கவில்லை. சித்திதான் முதலில் சிரித்தாள். கன்னம் நனைந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். மிதிக்கச் சொல்ல வேண்டிய அண்ணாச்சியைக் காணோம். வாசலில் நின்று, ஒன்றுமே விதைக்காமல் வெடித்துக் கிடந்த கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பா கேசட் என்பது ஷெட்டின் வழக்கமாகிவிட்டது. சாஸ்திரத்துக்கு அண்ணாச்சி அந்த நேரத்தில் மட்டும் விலக்குக் கொடுத்தார். சித்தி பேச ஆரம்பித்தாள். பூ வைக்காவிட்டாலும் தலை சீவினாள். தண்ணீர் கேட்கிற இடம் வரும்போது எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பட்டனை அழுத்தித் தைப்பாள். எனக்கும் அந்த இடம்தான் பிடிக்கும். பாட்டெல்லாம் எப்போது முடியும், அந்த இடம் எப்போது வரும் என்று மூட்டைமேல் காத்துக் கிடப்பேன்.

தினமும் கேட்கிற எதுவும் கொஞ்ச நாளில் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ஆடி மாதத்துக்குள் ஷெட்டில் தாகம் எடுத்த எவளும், “ஏட்டி, தண்ணி கொண்டாட்டி, தொண்ட காயுது” என்று சித்தப்பா மாதிரியே கேட்கத் தொடங்கியிருந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சித்தியே எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மோந்து கொடுப்பாள். பாட்டு ஓடும்போதே அவரவர் வீட்டுக் கதையும் ஓடும். தீபாவளி ஆர்டர் நெருங்கியபோது, “இன்னைக்கு ஒரு நாள் அவியளுக்கு லீவு விடுவோமாம்மா?” என்று அண்ணாச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார். சித்தி சரி என்றாள்.

அந்த ஆர்டருக்காகப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கேசட்டைக் கேட்டுவிட்டு, “யாருக்கா இது? மூக்கால பாடுதாரு!” என்று சிரித்தாள்.

அம்மாவின் மிஷின் நின்றது. ஓவர்லாக் அக்கா அவளைச் சுட்டுவிடுகிற மாதிரி பார்த்தாள்.

சித்தி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, “யாரோ கொடையில பாடுனவிய” என்றாள்.

சித்தி பொய் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

தீபாவளிக்குச் சற்று முன்பு குளத்தூரிலிருந்து சித்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு உப்பளத்தில் வேலை. மனைவி தவறிவிட்டாள், சிறு பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. அப்பா போய் விசாரித்துவிட்டு வந்து நல்ல மனுஷன் என்றார். ஷெட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அம்மா பேச்சை எடுத்தாள்.

“ஏட்டி, உனக்கு இஷ்டமான்னு கேக்கேன். வாயத் திறந்து சொல்லு.”

“அந்தப் புள்ளைக்குத் தல பின்னி விட ஆள் வேணும்லாக்கா.”

“நான் உன்னயக் கேக்கேன்.”

சித்தி தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். “சரின்னு சொல்லிரு அக்கா” என்றாள்.

“அந்தக் கேசட்ட என்ன செய்யப்போற?”

“அங்கன கொண்டு போவ முடியுமா?”

“அப்ப இங்கனயே கெடக்கட்டும். அண்ணாச்சி பத்திரமா வச்சிக்கிடுவாரு.”

“இங்கன கெடந்தா தெனமும் போடுவாளுவ. அவிய தெனமும் தண்ணி கேப்பாவ” என்றாள் சித்தி. “நான் இருக்க மாட்டேன்.”

எனக்கு அது ஒரு பெரிய பிரச்சினையாகவே தெரியவில்லை. சித்தி இல்லாவிட்டால் பானையிலிருந்து மோந்து கொடுக்க வேறு ஆளா இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குச் சரக்கெல்லாம் போனபிறகு ஷெட் ஓய்ந்து கிடந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானமே எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் குளத்தூர்க்காரர்கள் பூ வைக்க வருகிறார்கள் என்பதால் அம்மாவும் முன்னாலேயே போய்விட்டாள். மீதிக் கவுன்களுக்குப் பட்டன் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வருவதாகச் சாவியைச் சித்தி வாங்கிக்கொண்டாள். துணைக்கு நான் இருந்தேன்.

பட்டன் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. சித்தி டேப் ரிக்கார்டரை அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். கேசட்டைப் போட்டாள். சத்தத்தை மிகவும் குறைத்துவிட்டுத் தானும் தரையில் படுத்து, காதை அதன் ஸ்பீக்கர் வலைமேல் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கண் திறந்துதான் இருந்தது. பாட்டு இருந்த அந்த ஒரே பக்கம் முழுவதும் அப்படியே கிடந்தாள். எழுந்தபோது அவள் கன்னத்தில் வலையின் புள்ளிகள் அச்சாகப் பதிந்திருந்தன.

பிறகு கேசட்டை வெளியே எடுத்து, ஒரு துண்டுத் துணியைச் சுருட்டி அதன் முதுகில் இருந்த சின்னப் பொந்துக்குள் அடைத்தாள். தெரியாமல்கூட யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று மைக் செட்காரர் அந்த மூலையை உடைத்துக் கொடுத்திருந்தார். பொந்தை அடைத்தால்தான் அதில் மறுபடி பதிய முடியும். இதெல்லாம் கச்சேரிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. கேசட்டை முதலிலிருந்து வைத்து, அதே பெட்டியில் இருந்த ரேடியோவைத் திருப்பிவிட்டு, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். ரேடியோவில் ஒருவர் மானாவாரிப் பருத்தியில் காய்ப்புழு விழுந்தால் என்ன செய்வது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன சித்தி செய்யுத?”

“ரேடியோ கேக்கேன்டி.”

பருத்தி முடிந்து உளுந்து வந்தது. உளுந்துக்குப் பிறகு சந்தை நிலவரம். சித்தி அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைமாதிரி கடைசிவரை கேட்டாள். கேசட் டக்கென்று நின்றதும் துண்டுத் துணியை உருவி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துக் கதவைப் பூட்டினாள். வழியில் எனக்குச் சேவு வாங்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஓவர்லாக் அக்கா வழக்கம்போலக் கேசட்டைப் போட்டாள். காய்ப்புழு வந்தது. ஒருவரும் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். அவள் நிறுத்திப் பார்த்தாள், ஓட்டிப் பார்த்தாள், முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் விவசாயம்தான். தலையில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு மூக்கால் பாடுகிறார் என்று சொன்ன அந்தப் பெண்மேல் பாய்ந்தாள். “நீதாம்ட்டி எதையாவது நோண்டியிருப்ப!” அந்தப் பெண் சத்தியம் பண்ணினாள்.

“அவள ஏசாதீங்கக்கா. சனிக்கெழம ரேடியோ வச்சேன். என் கைதான் தெரியாமப் பட்டுட்டு” என்றாள் சித்தி.

தெரியாமல் பட்டதா? நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய நஷ்டத்தைச் சித்தி தாங்கிக்கொண்ட விதத்தை ஷெட்டே மெச்சியது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மறுபடி பட்டன் வைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சிக்குத்தான் மனசு ஆறவில்லை. என் ஷெட்டில், என் பெட்டியில் வைத்து இப்படி ஆகிவிட்டதே என்று இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய், விசாரித்து விசாரித்து அந்த மைக் செட்காரரைக் கண்டுபிடித்திருக்கிறார். திரும்பி வந்தபோது நான் பள்ளிக்கூடம் விட்டு மூட்டைமேல் இருந்தேன். வெறுங்கையோடு உள்ளே வந்து சித்தி முன்னால் நின்றார்.

“ஏம்மா, போய்க் கேட்டுட்டு வாரேன். ஒரிஜினல் அவன்கிட்டதான் இருந்திருக்கு. போன வருசம் அது மேலயே வேற ஊர்க் கொடையப் பதிஞ்சிட்டானாம். எங்கனயும் இல்லம்மா. என்னய மன்னிச்சிரு.”

சித்தியின் கையிலிருந்த கவுன் நழுவியது.

“அங்கன ஒண்ணு கெடக்கும்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. வேன் கவிழ்ந்த செய்தி வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை என்று அம்மா பின்னாளில் சொன்னாள். தரையில் சரிந்து, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஓவர்லாக் அக்காவும் அந்தப் புதுப் பெண்ணும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

நான் மட்டும் மூட்டைமேல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொந்தில் துணி அடைத்ததையும், மடியில் கை வைத்து உளுந்துப் பயிரைப் பற்றிக் கடைசிவரை கேட்டதையும் பார்த்தவள் அங்கே நான் ஒருத்திதான். தானே உட்கார்ந்து அழித்தாள். அன்றைக்கு அழவில்லை, திங்கட்கிழமையும் அழவில்லை. இப்போது எங்கோ கோவில்பட்டியில் யாரோ ஒரு ஆள் அழித்ததற்கு மட்டும் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.