இரண்டு தீவுகளும் ஒரு கிணற்றுப் பங்கும்

நான் வீட்டிலிருந்தே செய்கிற வேலையைச் சொன்னால் திருத்தணியில் பாதிப் பேர் சிரிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் கணினியில் படிக்கிற புவியியல் பாடங்களுக்குப் படம் போட்டுக் கொடுக்கிறேன். போன ஆடியில் எனக்கு வந்த பாடம், இரண்டு குட்டித் தீவு நாடுகளில் பயிர் நிலம் வருடா வருடம் எப்படி மாறியது என்று ஒப்பிடுவது. ஒன்று பசிபிக் கடலில், இன்னொன்று கரீபியனில். உலகப் படத்தில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஒன்றுக்குப் பச்சைக் கோடு, மற்றதற்குச் சிவப்பு. பச்சை கொஞ்சம் ஏறி இறங்கி, ஒருவழியாக அதே உயரத்தில் நின்றது. சிவப்பு பாதி வழி வரை அதனோடு வந்துவிட்டு மளமளவென்று சரிந்தது. ஏன் சரிந்தது என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும். ‘மக்களுக்கு விவசாயத்தில் ஆர்வம் குறைந்தது’ என்று எழுதினேன். எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் பாவா, பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறார். காலையிலும் சாயங்காலத்திலும் எங்கள் அப்பா, நைனா, இங்கே விட்டுப்போன நிலத்தில் அவரும் அக்காவும் பாடுபடுகிறார்கள். பஸ் விட்டு இறங்கினால் என் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார். கோடுகளைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

“இதுல எதும்மா நம்பளது?”

“பச்சை, பாவா” என்றேன் விளையாட்டுக்கு.

அன்றிலிருந்து அவர் பச்சைக் கட்சி. செருப்பைக் கழற்றும்போதே, “நம்ப தீவு நிக்குதா?” என்பார். “அந்தச் செகப்பு ஆளுங்களுக்கு இன்னாத்தாம்மா ஆச்சு?”

“ஓட்டல் வந்துச்சு, ஏர்போர்ட்டு வந்துச்சு. வித்துட்டாங்க போல.”

“ஐயோ பாவம்” என்று டீயை ஊதினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காரணம் இருந்தது. நைனாவின் நிலத்தில் சாலையோரப் பாதி என் பங்கு, பின்பாதி அக்காவுடையது. கிணறு என் பங்கில் இருக்கிறது. சென்னைப் பக்கம் ஒரு வீடு என்பது எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து ஓடுகிற பேச்சு. என் பங்கை மனை போட்டு விற்கலாம் என்று ஒரு தரகர் வந்தார். “சும்மா அளந்து பாருங்க” என்றேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் போய்விட்டால் அவள் பாதியில் ஒன்றும் விளையாது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

ஆடிக் கிருத்திகை முடியும் வரை என் பாதியில் விதைக்க மாட்டோம். மலைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களின் வண்டிகள் அங்கேதான் நிற்கும். வண்டிகள் போன பிறகுதான் உழுது வேர்க்கடலை போடுவது. அந்த வெற்று நிலத்தில்தான் தரகரின் ஆட்கள், பாவா தறிக்குப் போயிருந்த நேரத்தில், முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் பாவா ஓடிவந்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவரோ வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“வண்டி நிறுத்த கோடு போட்டுட்டியாம்மா? வருஷா வருஷம் டிரைவருங்க அடிச்சிகினு கெடப்பானுங்க. படிச்சவ படிச்சவதான்!”

அக்காவும் பின்னாலேயே வந்து, என் தங்கச்சிக்குத்தான் இதெல்லாம் தோணும் என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அன்றிரவு பாடத்தைத் திறந்து, ஆர்வம் குறைந்தது என்ற வரியை அழித்தேன். ‘மக்கள்’ என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடைத்திருந்தேன். விற்றவர்களும் மக்கள், தண்ணீர் இல்லாமல் நின்றவர்களும் மக்கள். வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவைத்தேன்.

கிருத்திகைக்கு வண்டிகள் கட்டத்துக்குக் கட்டம் ஒழுங்காக நின்றன. கூட்டம் வடிந்த மறுநாள் காலை நிலத்துக்குப் போனேன். ஏதோ ஒரு வேன் நாலைந்து முளைகளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. பாவா குனிந்து ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, பழைய குழியிலேயே வைத்து, சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“விடுங்க பாவா, உழத்தானே போறீங்க?”

“நீ பார்த்துப் பார்த்துப் போட்டது. ஓரத்துல இருக்கறதையாவது வுட்டு வைக்கலாம், அடுத்த வருஷத்துக்கு ஆவும்.”

இதற்கு மேல் தாங்கவில்லை.

“இது வண்டிக்குப் போட்ட கோடு இல்ல பாவா. மனைக்கு அளந்தது. நான்தான் வரச் சொன்னேன்.”

அவர் கையிலிருந்த முளையைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

“உங்க அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா, என் தங்கச்சியப் பத்தி அபாண்டமா பேசறியான்னு என்னைத்தான் திட்டுவா.”