குடியிருந்த வீட்டுக்கே பால் காய்ச்சிய அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அம்மாவைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, தம்பி எழுதட்டும் என்றுதான் முதலில் ஒதுங்கினேன். ஆனால் அவன் எழுதினால் அம்மா பொறுமையின் சிகரம், சாந்தத்தின் வடிவம் என்றெல்லாம் வந்துவிடும். அம்மாவுக்குப் பொறுமையே கிடையாது என்பது அவரோடு ஒருநாள் பழகியவர்களுக்கும் தெரியும். அதனால் மூத்த மகளாகிய நானே எழுத உட்கார்ந்தேன்.

அம்மா மலேசியாவின் சிரம்பானுக்கு அருகே லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள், பட்டையைக் கீறிப் பால் இறக்கியவர்கள். அம்மாவுக்கு மேலே ஓர் அண்ணன், அவ்வளவுதான் குடும்பம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த கையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டில் போய் நின்றவர் அம்மா. விடியும் முன்னே தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த இடத்தில்தான் சின்னம்மாவை முதன்முதலில் பார்த்தாராம்.

சின்னம்மா என்று நாங்கள் அழைக்கும் பாக்கியம், அம்மாவுடன் பிறந்தவர் அல்லர். அம்மாவுக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டியவர். வயதில் கொஞ்சம் இளையவர். அம்மாவை அவர் அக்கா என்றார், நாங்கள் அவரைச் சின்னம்மா என்றோம். படுத்த படுக்கையாகிவிட்ட தகப்பனாரைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவருக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

லாரி ஓட்டிய எங்கள் அப்பா, நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே மாரடைப்பில் காலமானார். காலையில் மரம் வெட்டி, மாலையில் கிராணி வீட்டில் துணி துவைத்து அம்மா எங்களை வளர்த்தார். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்புக்காரர்கள் வந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு மலிவு விலை வீடுகள் கிடைத்தன. எங்களுக்கு ஒரு வீடு, பின் தெருவில் சின்னம்மாவுக்கு ஒரு வீடு. அக்காளும் தங்கையும் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள்.

ஊரில் எந்த விசேஷமும் சின்னம்மா இல்லாமல் நடந்ததில்லை. காது குத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் முதல் நாளே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார். கிளம்பும்போது தன் சக்திக்கு மீறியே மொய் வைப்பார். நம் வழக்கத்தில் மொய் என்பது போய்த் திரும்பி வருவது. நான் உன் வீட்டு விசேஷத்தில் வைத்ததை நீ என் வீட்டு விசேஷத்தில் வைப்பாய். கணவன், பிள்ளை இல்லாத சின்னம்மாவின் வீட்டில் விசேஷமே நடக்கவில்லை. அவர் வைத்தது வைத்த இடத்திலேயே இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, அம்மாவைத் தவிர.

நோயைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். துணி காயப்போடும்போது சின்னம்மா ஒரு கையை மட்டும் உயர்த்துவதைப் பார்த்திருக்கிறார்.

"அந்தக் கையத் தூக்கு."

"சும்மா சுளுக்குக்கா."

"தூக்குன்னு சொன்னேன்லா!"

மார்பில் கட்டி இருப்பதைச் சின்னம்மா பல மாதங்களாக மறைத்து வைத்திருந்தார். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம், ஊர் பேசுமே என்ற பயம். அம்மா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மறுநாளே நானே காடி ஓட்டி இருவரையும் சிரம்பான் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை எடுத்தார்கள். அதன் பிறகு நரம்பில் ஏற்றும் மருந்து. முடி கொட்டியது, எது தின்றாலும் வாந்தி. அம்மா கஞ்சியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதைக் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "எனக்கு வேற வேல இல்லன்னு நெனச்சியா?" என்று அதட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் எழுந்து போக மாட்டார்.

அரசாங்க மருத்துவமனையில் வைத்தியச் செலவு குறைவுதான். ஆனால் திரும்பவும் நோய் வராமலிருக்க நீண்ட நாளைக்கு ஓர் ஊசி போட வேண்டும் என்றும், அதில் ஒரு பகுதியை நாமே வாங்க வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். அந்த ஊசி ஒன்றின் விலை சின்னம்மாவின் பல மாதச் சம்பளம். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் சின்னம்மாவுக்குச் சம்பளமும் நின்றிருந்தது. சேமிப்பு கரைந்தது, சங்கிலி போனது. நாங்கள் கொடுத்ததைக் கொஞ்ச நாள் வாங்கிக்கொண்டார். அம்மா தன் வளையலை விற்றது தெரிந்ததும் அதுவும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

"போதும்க்கா. ஊசிய நிப்பாட்டிடலாம். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

"ஊருல சொல்லி ஒதவி கேப்போம். கோயில்ல ஒரு வார்த்த சொன்னா செய்வாங்க."

"கை நீட்டி வாங்கி உசுரு வாழணுமா? அதுக்கு வேற ஆளப் பாருங்க."

அடுத்த ஊசிக்கு அவர் போகவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அம்மா சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அழுதாரா என்று கேட்காதீர்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாலையில் கோயில் பூசாரியைப் பார்த்துவிட்டு வந்து, "பாக்கியம் வூட்டுக்குப் பால் காய்ச்சணும்" என்றார்.

"அவங்க அந்த வீட்டுல எத்தன வருஷமா இருக்காங்க! இப்பப் போயி என்னம்மா குடிபுகுதல்?"

"வந்தப்போ காய்ச்சினாளா? இல்லல்ல. அப்ப இப்பக் காய்ச்சட்டும்."

அம்மாவின் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விசேஷம் என்று ஒன்று நடந்தால் ஊர் வரும். சின்னம்மா இத்தனை காலம் வைத்த மொய் திரும்பும். இது ஊரை ஏமாற்றுவது இல்லையா என்று கேட்டேன். "அவ செஞ்சதுக்கு ஊரு இன்னும் திருப்பிச் செய்யல. அதுக்கு என்னா பேரு? அதச் சொல்லு மொதல்ல" என்று என்மேல் பாய்ந்தார். இன்றைக்கும் அந்த வாதம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை.

சின்னம்மாவிடம் அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "பிச்ச இல்ல பாக்கியம். நீ ஊருல வச்சது. அத வாங்கிக்கிறதுக்கு ஒனக்கு ஒரு விசேஷம் வேணும், அவ்ளோதான்." சின்னம்மா, "அழைப்புப் பத்திரிகையில என் பேரு போடுவாங்களாக்கா?" என்று கேட்டார். அம்மா அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன்.

குடியிருக்கிற வீட்டுக்குள் குடிபுக முடியாது, வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். அம்மா அதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. தெருவே திரண்டு கட்டில், அலமாரி, அரிசிப் பானை என்று எல்லாவற்றையும் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது. ஐஸ்பெட்டி மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால், எல்லோரும் பக்கவாட்டாக நுழைந்து பசியாறினோம். காலி வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். மாவிலைத் தோரணம் கட்டினார்கள்.

அன்று காலை சின்னம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, சாமி படத்தோடு தன் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தார். பால் பொங்கியது. பழைய தோட்டத்து ஆட்கள் சிரம்பான், நீலாய் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். நோயைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வீடு நல்லா இருக்கு, காத்து நல்லா வருது என்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது சின்னம்மாவுக்கும் தெரியும். தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த எங்கள் பழைய மண்டோர், கைத்தடியோடு வந்த பெரியவர், மொய் உறையைச் சின்னம்மா கையில் வைத்து அழுத்தினார்.

"எம் மக கல்யாணத்துக்கு நீ செஞ்ச தாயி. நான் திருப்பிச் செய்யாமப் போயிடுவனோன்னு இருந்துச்சு. நல்ல வேள, கூப்பிட்ட."

சின்னம்மா அதைத் தலை நிமிர்ந்து வாங்கினார். அடுத்த வாரம் ஊசிக்குப் போனார். அதன் பிறகு ஒன்றையும் விடவில்லை.

வைத்தியம் முடிந்ததும் இருவரையும் சி ரூசா கடற்கரைக்கு அழைத்துப்போனேன். சின்னம்மா சுட்ட மீன் சாப்பிட்டார். சர்க்கரை நோயுள்ள எங்கள் அம்மா வெல்லப்பாகு வழியும் ஐஸ் செண்டோல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். கேட்டதற்கு, "இன்னிக்கு ஒருநாள்லா" என்றார். அம்மாவின் ஒருநாள் என்பது எல்லா நாளும்தான். சின்னம்மாவின் மாத்திரை வேளைகளை மனப்பாடமாக வைத்திருந்தவர் தன் மாத்திரையை மறந்தார். அதில் எனக்கு அம்மா மேல் இன்னும் கோபம் உண்டு. மகள் கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவது?

சிறுநீரகம் கெட்டு, அம்மா ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகத் தொடங்கியபோது, கூடவே போய் உட்கார்ந்தவர் சின்னம்மா. உப்பில்லாத குழம்பை வைத்துவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலிருந்து நகர மாட்டார். "நான் செஞ்சத எனக்கே செய்யுறியா?" என்று அம்மா முறைப்பார். கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் அது அவர்கள் இருவரும் சண்டை போட்ட நேரங்களில்தான். ஒருநாள் காலை பசியாறக் கூப்பிட்டபோது அம்மா எழவில்லை.

இறுதிச் சடங்கு நடத்திய பண்டாரம் ஐயா, "பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுறது?" என்று கேட்டார். இறந்த பெண்ணுக்குக் கடைசிப் புடவை அவள் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா காலமாகி நெடுங்காலம் ஆகிறது. அவர் குடும்பத்தோடு தொடர்பு இல்லை. பிறந்த வீடு என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் எங்கள் அம்மா கிடந்தது, அன்றைக்கு நான் பட்ட வேதனைகளில் பெரியது. அந்த நேரத்தில் சின்னம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவரோ தம்பியின் மோட்டார் சைக்கிளில் சிரம்பான் வரை போய், கடை திறக்கும்வரை காத்திருந்து புடவை வாங்கி வந்திருந்தார்.

உறவுக்காரர் ஒருவர், "அது ரத்த சொந்தம் போடுறதும்மா" என்றார்.

"தெரியும்ங்க. அந்த வீட்ல இப்ப மிச்சம் இருக்கிறது நான்தான்."

பண்டாரம் ஐயா அவரை மட்டும் பார்த்து, "வாங்கம்மா, வந்து போடுங்க" என்றார்.

அம்மாவைச் சுமந்தவர்களுக்கும், துக்க வீட்டில் மூன்று வேளையும் சமைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், சுத்திகரிப்பு நிலையத்தில் அம்மாவின் அதட்டலைப் பொறுத்துக்கொண்ட தாதியருக்கும், தூரம் பாராமல் வந்து எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சின்னம்மாவுக்கு இங்கே நன்றி சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார். வீட்டு ஆளுக்கு யார் நன்றி எழுதுவது?

மலரின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் உறவுகளை அச்சிட்டிருக்கிறோம். அச்சகத்துக்காரர் போன வாரம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "தங்கச்சின்னு போட்டிருக்கீங்க, ஆனா அப்பா பேரு வேறயா இருக்கே. தப்பா எழுதிட்டீங்களா? மாத்திடவா?" என்று கேட்டார்.

தப்பில்லை, அப்படியே அச்சடியுங்கள் என்றேன்.