லாரி வராத மழையில் அம்மன் கொடுத்த பூ

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத வந்ததற்கு அன்பர்கள் மன்னிக்க வேண்டும். "உனக்கு நடந்ததை நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்று எங்கள் ஊர்ப் பூசாரி அண்ணன் கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கொல்லிமலையில் வாசலூர்பட்டிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க மரம் ஏறியபோது விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. காலை, மதியம், ராத்திரி என்று அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வந்துவிடும். நல்லவேளையாக எங்கள் ஊரிலேயே ஒரு தையல் கொட்டகை இருக்கிறது. திருப்பூரில் ஒரு விளையாட்டு உடுப்புக் கம்பெனி வெட்டிய துணியை மேலே அனுப்பும். நாங்கள் எட்டுப் பெண்கள் அதை ஜெர்சியாகவும் டிராக் பேன்டாகவும் தைத்துக் கீழே அனுப்புவோம். கொட்டகை கூப்பிடு தூரம்தான். மதியம் ஓடிப்போய் அவரைத் திருப்பிவிட்டு, ஒரு வாய் கஞ்சி கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தக் கொட்டகைக்குத்தான் ஆபத்து வந்தது.

எங்கள் சரக்கு எப்போதும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. யாரும் சோம்பலாக இருக்கவில்லை. எங்கள் மலையில் ராகி அடித்தால், களத்தில் குவித்துக் குவியலுக்குப் பூசை போடாமல் ஒரு படிகூட வெளியே எடுக்க மாட்டோம். அதே வழக்கம் கொட்டகைக்கும் வந்துவிட்டது. தைத்ததையெல்லாம் ஒரே குவியலாகச் சேர்ப்போம். கடைசி உருப்படி முடிந்த பிறகு, வெள்ளிக்கிழமை பார்த்துக் கற்பூரம் காட்டி, அப்புறம்தான் லாரியில் ஏற்றுவோம். இது பிசகு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. கீழே போன பிறகு ஏதாவது தையல் கோணல் என்றால் மொத்தமும் திரும்ப மலையேறி வரும்.

போன ஐப்பசியில் கம்பெனி மேலாளர் போன் செய்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர்.

"அக்கா, பள்ளிக்கூடப் போட்டி முடிஞ்ச பொறவு ஜெர்சி வந்து என்னங்க பண்றது? போன தடவ புள்ளைங்க பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடுச்சுங்க. பாக்கவே சங்கடமா இருந்துச்சு. இந்தத் தடவையும் தள்ளிப்போனா இனி மலைக்கு வேலை குடுக்க வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாருங்க."

கொட்டகை மூடினால் நான் திருப்பூர் போய் விடுதியில் தங்கித்தான் வேலை பார்க்க வேண்டும். இவரை யார் திருப்புவார்கள்? வீட்டில் வந்து சொன்னேன்.

"போ புள்ள. நான் ஒரே பக்கமாப் படுத்து அந்தப் பக்கம் தேஞ்சு போறேன். தூக்கறவங்களுக்குச் சுமை கொறயும்" என்றார்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

வேகமாகத் தைத்தோம். பாதி முடிந்திருந்தபோது மழை பிடித்தது. மலைப்பாதை வளைவு ஒன்றில் பாறை விழுந்தது. மலைக்கு ஏறும் இன்னொரு பாதையிலும் மண் சரிந்து கிடந்தது. பஸ் மட்டும் ஓரமாக ஊர்ந்து போகலாம், லாரி வரவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

நான் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். எங்கள் ஊரில் அம்மனிடம் பூ கேட்பது உண்டு. அம்மன் சிரசில் அரளிப் பூ வைத்து வேண்டிக்கொள்வோம். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. "தாயே, லாரி வரட்டும். வேற எதுவும் கேக்கல" என்று வேண்டினேன்.

பூ இடப்பக்கம் விழுந்தது.

அம்மாவும் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் கொட்டகையில் தைத்துக்கொண்டிருந்தோம். எங்களோடு தைக்கிற பாப்பாத்தி எதையும் வேடிக்கையாகப் பேசுகிறவள். "லாரி வராட்டிப் போவுது. தெனமும் தெச்சதைக் கட்டி பஸ்ஸுல ஏத்திவுடு. கீழ தைக்கறவங்களுக்காக அடிவாரத்துக்குக் கம்பெனி வேன் தெனமும் வருதில்ல?" என்றாள்.

"குவியலைக் கலைக்கறதா? உனக்குக் கிறுக்கா?" என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

எனக்கும் பயம்தான். ஆனால் அவள் சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது. அந்தச் சாயங்காலம் எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அத்தனை பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "தாயே, குவியல் பூசை இல்லாம அன்னன்னைக்கு அனுப்பலாமா? தப்புன்னா தடுத்துரு" என்றேன்.

பூசாரி அண்ணன் கையை எடுப்பதற்குள் பூ வலப்பக்கம் விழுந்தது. பாப்பாத்திகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை மெஷினுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு, தைத்து முடித்ததை மூட்டை கட்டி ஆட்டோவில் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனோம். கண்டக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க, பலாப்பழம் ஏத்துவாங்க, கோழி ஏத்துவாங்க. இதென்னங்க மூட்டை?"

"வெளையாட்டுச் சட்டைங்க அண்ணா" என்றாள் பாப்பாத்தி.

"அப்ப ஓடியே எறங்கிரும்ல? பஸ்ஸு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே தூக்கி உள்ளே வைத்தார். பாப்பாத்தி கூடவே போய் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டு வந்தாள்.

இரண்டாம் மூட்டை போனதும் மேலாளர் போன் செய்தார். கழுத்துப் பட்டை கோணலாக இருக்கிறது என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "பயப்படாதீங்க அக்கா. வந்தது கொஞ்சந்தானே, இங்கயே சரி பண்ணிக்கறோம். மிச்சத்தை நேராத் தெச்சிருங்க" என்றார். மிச்சத்தை நேராகத் தைத்தோம். தினமும் ஒரு மூட்டை இறங்கியது. கீழே அன்றன்றே பார்த்துப் பெட்டி கட்டினார்கள்.

கடைசி மூட்டை போன அன்று சாயங்காலம் மறுபடியும் போன் வந்தது. "போட்டிக்கு முன்னாடியே எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பியாச்சுங்க அக்கா. இப்படியே அனுப்புங்க. வேலை உங்களுக்குத்தான்."

வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன். "அப்ப என்னைத் திருப்பு" என்றார். திருப்பினேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

நான் லாரி கேட்டேன். அம்மா தரவில்லை. அன்று லாரி வந்திருந்தால், கோணல் கழுத்துச் சட்டை அத்தனையும் ஒன்றாக இறங்கி ஒன்றாகத் திரும்பியிருக்கும். கொட்டகை மூடியிருக்கும். எனக்கு எது வேண்டும் என்று என்னைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது. முன்பெல்லாம் இதைக் கொடு, அதைக் கொடு என்று பெயர் சொல்லிக் கேட்பேன். இப்போது கஷ்டத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறேன். பூ இடப்பக்கம் விழுந்து கலங்கி நிற்கிறவர்கள் இருந்தால், தயவுசெய்து கோயிலைவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள். இன்னொரு தடவை வந்து கேளுங்கள். அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

கடைசி மூட்டை போனதற்கு மறுநாள் பாதை திறந்தது. லாரி வந்து புதுத் துணியை இறக்கியது. ஏற்றுவதற்குக் கொட்டகையில் ஒன்றும் இல்லாததால், டிரைவர் டீ குடித்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.