தூத்துக்குடியில் சும்மா இருக்காத கை

எங்கள் பனியன் கம்பெனி திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் இருக்கிறது. தைத்து, மடித்து, பெட்டி கட்டி லாரியில் ஏற்றினால் சரக்கு தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறும். இத்தனை வருடமாக அந்த ஊரின் பெயரை வாயால் சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, நானும் என் வீட்டுக்காரரும் கண்ணால் பார்த்ததில்லை. ஏற்றுமதிக் காகிதங்கள் எங்கள் மகள் பொறுப்பு. சரக்கு உள்ளே போனதா, கப்பல் எப்போது கிளம்பும் என்று அங்கே கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருந்த ஒரு பையனிடம் போனில் கேட்டுக்கொண்டே இருப்பாள். என்ன பொறுப்பான பிள்ளை என்று நான் பூரித்துப் போயிருந்தேன். லீவு நாளிலும் போன் போகிறது என்று தெரிந்தபோதுதான் விஷயம் விளங்கியது.

என் வீட்டுக்காரர் குதித்தார். "போன்ல பேசுனதோட சரிங்கப்பா, நேர்ல பாத்ததே இல்லீங்க" என்று மகள் சத்தியம் செய்தாள். வேறு சனம் என்று கொஞ்ச காலம் சண்டை நடந்தது. அவள் அசையவில்லை. அப்பனுக்குப் பிறந்த பிடிவாதம், அசைவாளா? அந்தச் சண்டை ஓய்ந்ததும் ஊரைப் பிடித்துக்கொண்டார்.

"உப்புக்காத்துல நம்ம புள்ள கருவாடாட்டம் காஞ்சு போயிரும். ஊரப் பாத்துட்டுத்தான் எதுவும் சொல்லுவேன்."

பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்ட முகம் அது. அப்பா வேண்டாம் என்றால் மீறிப் போக மாட்டேன், ஆனால் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டேன் என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு காரில் போகும்போது வழியெல்லாம் தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யார் எதைப் போட்டிருந்தாலும் அந்தத் துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. திருப்பூரில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, பதிலுக்கு நம் சட்டையைத் தேய்த்துப் பார்ப்பார்கள். புது டிசைன் வந்தால் வீட்டு ஆட்களுக்கு அவரவர் அளவில் ஆளுக்கொன்று தானே வெட்டித் தருவார். என் தம்பிக்கு உண்டு, அவன் மனைவிக்கும் உண்டு. வெளியாட்களிடம் அளவு கேட்கவே மாட்டார். கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்பார்.

தூத்துக்குடியில் பையன் எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினான். வெள்ளைவெளேரென்ற மாதா கோயில், ஏசி போட்ட காபிக் கடைகள், பேட்டரி ஸ்கூட்டரில் பறக்கும் பெண்கள். பேக்கரியில் வாங்கிய மக்ரூன் வாயில் வைத்ததும் கரைந்து முந்திரி வாசம் மட்டும் மிஞ்சியது. ஒரு பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு, நல்ல ஊர்தான் என்று அவர் காதில் விழும்படி சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். கடற்கரையில் பையன் தூரத்தில் நின்ற கப்பலைக் காட்டினான்.

"நம்ம சரக்கு அதுல கூட இருக்கலாம் சார்."

"இருக்கலாமா, இருக்குதா தம்பி?"

பையன் கப்பலைக் காட்டிய விரலை மடக்கிக்கொண்டான்.

சாயங்காலம் பொரித்த பரோட்டாக் கடையில் இடத்துக்காகக் காத்து நின்றோம். எங்களுக்கு முன்னால் பனைமரம் போல ஒருவர், டீ-ஷர்ட்டில். நான் தடுப்பதற்குள் என் வீட்டுக்காரரின் விரல் அதன் ஓரத்தைப் பிடித்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, சட்டையப் புடிச்சு இழுக்கிய?"

அவர் திரும்பிய வேகத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. என் வீட்டுக்காரரின் விரல் அப்போதும் துணியை விடவில்லை.

பையன் நடுவில் புகுந்தான். "கோவப்படாதிய அண்ணாச்சி. எங்க மாமா திருப்பூர்க்காரவுக. துணியக் கண்டா அவுக கை சும்மா இருக்காது."

அந்த ஆள் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? துணி எப்படி இருக்கு?"

"தையல் நல்லா இருக்குதுங்க. துணிதானுங்க... நாலு தடவ தொவைச்சா முட்டிக்கு எறங்கிருமுங்க."

"போன மாசமே எறங்கியாச்சு அண்ணாச்சி!" அவர் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது.

இடம் கிடைத்து மேசையில் உட்கார்ந்தோம். அந்த "மாமா" எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. சொன்னவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, பையன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டைக் கையை விரலில் வைத்துத் தேய்த்தார்.

"கண்ணு, உனக்கு என்ன சைஸ்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம் என்று பையனுக்கு எப்படித் தெரியும்? பாவம், விழித்தான். மகளுக்குத் தெரியும். சந்தோஷத்தில் முந்திக்கொண்டாள்.

"எல் சைஸுங்கப்பா. தோள்ல மட்டும் அரை இஞ்ச் கூட வெய்யுங்க!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நேரில் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்தவள். நான் தண்ணீர் டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் பையனின் தோளில் கை வைத்துச் சாண் பிடித்துப் பார்த்தார்.

"அரை இஞ்ச் பத்தாது கண்ணு, முக்கால் வேணும்" என்றார் மகளிடம். "நீ சரியா அளக்கல."