ஆறு கியரும் பின்னால் போன வண்டி

சங்கராபுரத்தில் எங்கள் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "பம்புசெட் பாய் கடை" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கிணற்றடியிலோ நெல் மில்லிலோ டீசல் எஞ்சின் மக்கர் செய்தால் என்னைத்தான் தேடி வருவார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். கையில் தொழில் இருந்ததால் ஊர் பொறுத்துக்கொண்டது. டிராக்டர் பக்கம் மட்டும் நான் போனதில்லை. போன ஒரே தடவையில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

கல்வராயன் மலையில் கரியாலூருக்கும் அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ஒருவர் சின்ன டிராக்டர் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். பதினெட்டுக் குதிரைச் சக்தி. யாரோ ஓட்டித் தேய்த்துப் போட்டதை வாங்கியிருந்தார். சமவெளியில் ஓடுகிறது, மலைச்சரிவில் செம்மண்ணில் கலப்பையை இறக்கினால் திணறுகிறது, பெரிய எஞ்சின் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். திணறலோடு இன்னொரு தொந்தரவும் இருந்தது. மேட்டில் ஏறும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின.

"எழும்புனா இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"எங்க வூட்ல முன்னாடி பம்பர் மேல ஒக்காந்துக்கும்ங்க. மடியில ஒரு கல்லு வச்சிக்கும். அப்ப மூக்கு தூக்காது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மலையில் வண்டி வைத்திருக்கிறவர்கள் பாரத்துக்காக முன்னால் ஆள் உட்காரவைப்பது வழக்கம்தானாம். அவர் வீட்டில் அந்த ஆள் அவர் மனைவி.

"போன உழவுல சறுக்கி வுழுந்துடுச்சிங்க. சக்கரம் ஒரு சாண் தள்ளி நின்னுச்சி. பெரிய எஞ்சினா இருந்தா மூக்கு தானா கனமா இருக்கும்னாங்க. அது அங்கேருந்து எறங்கணும் பாய். அதுக்குத்தான் வந்தேன்."

இதற்கு மேல் முடியாது என்று எப்படிச் சொல்வது? முடியும் என்றேன். மழை இறங்கி மண்ணில் ஈரம் நிற்பதற்குள், கொள்ளு விதைக்கும் நேரத்துக்கு, வண்டி மலையில் இருக்கும் என்று வாக்கும் கொடுத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

மின்சாரத்துக்கு மாறிய ஒரு நெல் மில்லில் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று சும்மா கிடந்தது. நல்ல எஞ்சின். டிராக்டருடையதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு பலம், இரண்டு பங்கு எடை. ஆனால் வண்டியில் எஞ்சினை மாற்றுவது பம்புசெட்டில் மாற்றுவது போல அல்ல. சின்ன டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. முன்அச்சையும் கியர் பெட்டியையும் சேர்த்துப் பிடித்திருக்கிற எலும்பே எஞ்சின்தான். அதைக் கழற்றினால் வண்டி இரண்டு துண்டு. இருபுறமும் சானல் இரும்பு வைத்துச் சட்டம் கட்ட வேண்டும். புது எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கனமான இரும்புத்தட்டு ஒன்று கடைந்து வைக்க வேண்டும். அந்தத் தட்டு மயிரிழை கோணினாலும் கிளட்ச் தேய்ந்துபோகும்.

கடைசல் வேலை எல்லாம் என் ஃபிட்டருடையது. என் வயதுக்காரன், என்னோடு பன்னிரண்டு வருஷம் இருந்தவன். என் ஏச்சுகளை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடத் தெரிந்த ஒரே மனிதன். சட்டம் கட்டி முடித்தோம். எஞ்சினைத் தூக்கி வைத்துப் பார்த்தபோது அதன் டீசல் பம்பு ஸ்டியரிங் தண்டில் இடித்தது. எப்படி வைப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதுதான் மறியல் வந்தது.

படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனியாக இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஃபிட்டரின் சாதிக்காரர்கள் ஒரு வாரம் ரோடுகளை மறிக்கப் போவதாக ஊரெல்லாம் பேச்சு. அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"பாய், ஒரு வாரம் நான் வரமாட்டேன். எம் பையன் டிப்ளமோ முடிச்சிட்டு வூட்ல ஒக்காந்துக்கினு இருக்கான். நான் போவலைன்னா நல்லாருக்காது."

அவன் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனின் மார்க்குச் சீட்டைக் கடை கடையாகக் காட்டியவன் நான்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "வேலைய நட்டாத்துல வுட்டுட்டு ரோட்ல போய் ஒக்காரு, போ" என்றேன்.

வாசலைத் தாண்டினவன் திரும்பிப் பார்த்தான். "எஞ்சின திருப்பி வைக்கறதா இருந்தா, எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்துக்கோங்க பாய்."

"எனக்கே சொல்லித் தரியா? போடா."

மறுநாள் ரோட்டுப் புளியமரங்கள் குறுக்கே விழுந்துகிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. டீக்கடைகூடப் பாதிக் கதவுதான் திறந்தது. எனக்கு வேறு வேலை இல்லாததால் எஞ்சினோடு மல்லுக்கு நின்றேன். முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்தேன். டீசல் பம்பு மறுபக்கம் போய்விட்டது, ஸ்டியரிங் இடிக்கவில்லை. மில்லில் பெல்ட் மாட்டியிருந்த முனையில் கிளட்சைப் பொருத்தினேன். ஃபிட்டர் கடைந்துவைத்த தட்டில் புதுத் துளைகள் போட்டதும் அதுவும் உட்கார்ந்தது. இத்தனை சுலபத்தை அவன் யோசிக்கவில்லையே என்று தனியாக இருந்தே அவனைக் கிண்டல் செய்தேன்.

மூன்றாம் நாள் மதியம் ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் கணீரென்று பிடித்தது. சீட்டில் ஏறி முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போனது. தண்ணீர் டிரம்மைச் சாய்த்துவிட்டுச் சுவரில் இடித்து நின்றது.

கியரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவதைப் போட்டேன், பின்னால். மூன்றாவது, பின்னால். ஆறு கியரும் பின்னால். கடைசியில் ரிவர்ஸைப் போட்டேன். வண்டி ஆமை வேகத்தில் முன்னால் நகர்ந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு தண்டை ஒரு முனையிலிருந்து பார்த்தால் வலமாகச் சுற்றுவது, மறுமுனையிலிருந்து பார்த்தால் இடமாகச் சுற்றும். எஞ்சினைத் திருப்பினேன், சுற்றும் திசையும் திரும்பிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், நான் பம்புசெட்டுக்காரன். மில்லிலும் கிணற்றடியிலும் சுற்று மாறினால் பெல்ட்டைக் கழற்றி எட்டுப்போலக் குறுக்கே மாட்டிவிடுவோம், சரியாகிவிடும். முப்பது வருஷமாக நான் சுற்றைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது. டிராக்டரில் குறுக்கே மாட்ட பெல்ட் எங்கே இருக்கிறது?

மறுநாள் காலை பத்து மணிக்கு மலைக்காரர் வந்து நின்றார். பஸ் இல்லாததால் முந்தின நாளே புறப்பட்டுக் காட்டு வழியாக இறங்கி, வழியில் தங்கி நடந்து வந்திருந்தார். மலையில் மழை இறங்கிவிட்டதாம். துண்டில் சீத்தாப்பழம் கட்டிக்கொண்டு வந்திருந்தார், என் பிள்ளைகளுக்கு.

"வண்டி ஆயிடுச்சிங்களா பாய்?"

வண்டி அவர் கண் முன்னாலேயே நிற்கிறது. புது எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஆனாப்பலதான். ஒரே ஒரு சாமான் சேலத்துலேருந்து வரணும். ரோட்ட மறிச்சிட்டாங்களே, இன்னா பண்றது? ரெண்டு நாள்ல வந்துடும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ரோடே கோணலாகக் கிடைத்தது. அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரிங்க, அவங்க கஷ்டம் அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, வந்த வழியே நடந்தார். மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடியும் அதே பொய். இந்தத் தடவை இன்னும் நன்றாகச் சொன்னேன், பழக்கம் வந்துவிட்டது அல்லவா? சீத்தாப்பழங்கள் வீட்டில் பழுத்து வெடித்தன. பிள்ளைகள் தின்றார்கள். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

மறியல் முடிந்து ஃபிட்டர் திரும்பினான். இடது தோளில் தடியடி பட்டுக் கன்றிப்போயிருந்தது. வண்டியை ஓட்டிக் காட்டினேன். அது பின்னால் போனதைப் பார்த்து, தோளைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சூட்டோடு, மலைக்காரர் வந்தால் சாமான் இன்னும் வரவில்லை என்றே சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிவைத்தேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒங்க தப்புக்கு எங்க மறியலச் சாக்கு சொன்னீங்களா பாய்? அங்க எங்க ஆளுங்க மண்ட ஒடைஞ்சி கெடந்தாங்க. அந்த மனுஷன் எங்களப் பத்தி இன்னா நெனச்சிருப்பாரு?"

பன்னிரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆக்கிவைத்திருந்தேன். மலைக்குப் போய் நானே உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "சொல்லுங்க" என்றான், அவ்வளவுதான். உடனே ஸ்பானரை எடுத்துவிட்டான்.

எஞ்சினைப் பழையபடி திருப்பி வைத்தோம். டீசல் பம்பு இடிக்காமல் இருக்க, எஞ்சினைத் தொடாமல் ஸ்டியரிங் தண்டையே இரண்டு விரல்கடை தள்ளிப் பட்டை போட்டுக் கட்டினான். புதுத் தட்டு கடைந்தான், வலிக்கிற தோளோடு. ஐந்து நாள் ஆனது. முதல் கியரைப் போட்டான். வண்டி முன்னால் போனது. இருவரும் அதிலேயே மலைக்கு ஏறினோம். விழுந்த மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள், வழி இருந்தது. வளைவுகளில் எஞ்சின் முனகக்கூட இல்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மலைக்காரர் ஓடி வந்தார். அவர் மனைவியும் வந்தார், ஒல்லியான மனுஷி. கலப்பையை மாட்டி, சரிவின் அடியில் வண்டியை நிறுத்தினோம். நான் எதுவும் சொல்வதற்குள் அந்த அம்மா ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் போய்ப் பம்பரில் உட்கார்ந்துவிட்டார்.

"எறங்கு, இனிமே வாணாம்" என்றார் கணவர்.

"தூக்கும்."

"தூக்காது. எறங்கு."

நம்பாமல் இறங்கி, கல்லைக் கீழே போடாமல் ஓரமாக நின்றார். வண்டி ஏறியது. கலப்பை ஆழமாக இறங்கி மண்ணைப் புரட்டிக்கொண்டே போனது. முன்சக்கரங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு ஏறின. உச்சிக்குப் போனதும் அந்த அம்மா கல்லைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கண்ணும் கலங்கியது. ஃபிட்டர் என்னைப் பார்த்தான். எதற்குப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் சரிவின் மறுபக்கத்தைக் கவனித்தேன். பெரிய துண்டு ஒன்று ஏற்கெனவே புரட்டப்பட்டிருந்தது. உழவுச் சால் இல்லை, திட்டுத் திட்டாக இருந்தது.

"அத எதால உழுதீங்க அண்ணா?"

"உழவு ஏதுங்க? ஈரம் காஞ்சிடும்னு ரெண்டு பேரும் கொத்தால கொத்துனோம். அதுக்கே ஏழெட்டு நாளாச்சி."

சொன்னேன். சேலத்துச் சாமான் என்று ஒன்று இல்லவே இல்லை, ரோட்டின் மேல் தப்பு இல்லை, எஞ்சினை நான்தான் முன்பின்னாகத் திருப்பி வைத்தேன், உங்களை இரண்டு தடவை வெறுங்கையோடு நடக்கவிட்டது என் பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலால் ஒரு மண்கட்டியை உடைத்தார். பிறகு, "தொழில்னா தப்பு வராதுங்களா பாய்" என்றார். எனக்காக அவரே சமாதானம் தேடினார்.

அவர் மனைவி விடவில்லை. சத்தம் போடவுமில்லை.

"வண்டி தப்பாச் சுத்துனதுக்கு ஒண்ணும் சொல்லலீங்க. மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா ஏரும் மாடும் எரவல் வாங்கியிருப்போம். பக்கத்துக் கொல்லக்காரங்க தரேன்னு வந்து நின்னாங்க. பாய் வாக்கு குடுத்துக்கிறாரு, ரெண்டு நாள்ல வண்டி வந்துடும், மாடு வாணாம்னு இவருதான் திருப்பி அனுப்பிட்டாரு. அப்புறம் கேட்டப்ப மாடு வேற எடத்துக்குப் போயிடுச்சி."

எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள், பதிலுக்கு இரண்டு பங்கு ஏசியிருக்கிறேன். இந்த அம்மா ஏசக்கூட இல்லை. என் தப்பு அவரை ஒன்றும் செய்திருக்காது. என் வாக்கை நம்பியதுதான் செய்தது. அவமானமாக இருந்தது.

அந்த அம்மா ஈரம் போகிறதே என்று விதைக்கொள்ளுக் கூடையை எடுத்துக்கொண்டு புது உழவின் பக்கம் நடந்தார். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. கூடையின் காதைக் கையால் பிடிக்க முடியாமல் முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு போனார்.